சட்டம் பயிலும் பிள்ளைகளும் விலைக்கு வாங்கும் ஆய்வேடுகளும்



சட்டக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடு ஊருக்கு ஒன்று இருந்தாலே பெரிது என்றிருந்த காலம் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், இன்று நம் மஹல்லாக்களில் சட்டம் பயிலும் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கணிசமாக இருக்கின்றனர். கருப்புக் கோட்டு அணிந்த படம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. ‘மாஷா அல்லாஹ்’ என்று ஐம்பது பேர் எழுதுகிறார்கள். அந்த ஐம்பது பேரில் ஒருவராவது அப்பிள்ளையிடம், “இந்த ஐந்தாண்டுகளில் நீயே தேடி, நீயே ஆய்ந்து எழுதியது என்ன?” என்று கேட்டதுண்டா? கேட்டிருந்தால் கிடைக்கும் விடை பெரும்பாலான வீடுகளில் நம்மைத் தலைகுனியவே வைத்திருக்கும்.

சட்டக் கல்லூரியில் பருவந்தோறும் மாணவர் ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். ‘புராஜெக்ட்’ என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். அதற்கு உள்மதிப்பீட்டு மதிப்பெண் உண்டு. நடப்பது என்ன? மூத்த மாணவர் சென்ற ஆண்டு கொடுத்த கோப்பு பெயர் மாற்றப்பட்டு மறுபடியும் வருகிறது. அதுவும் கிடைக்காவிட்டால் தலைப்பைச் சொல்லிப் பணம் கொடுத்தால் போதும், தட்டச்சு செய்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, முகப்பில் மாணவரின் பெயரையும் அச்சிட்டுக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பேராசிரியருக்கோ நூற்றுக்கணக்கான கோப்புகள். அவர் பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கையெழுத்திடுகிறார். பெற்றோர் அந்தத் தொகையைப் புத்தகச் செலவு என்று நினைத்துக் கொடுக்கிறார்கள். சிலர் தெரிந்தே கொடுக்கிறார்கள்.

தெரிந்தே கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை மதரஸாவில் வேறொருவன் எழுதிய பாடத்தைத் தன் பலகையில் வைத்துக்கொண்டு வந்தால் உஸ்தாத் சும்மா விடுவாரா? விடக் கூடாது என்றுதானே நீங்களும் சொல்வீர்கள்? அங்கே பொய் ஹராம், இங்கே பொய் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

இதைவிடக் கேடான ஒன்று அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரையை வெளியிட்டுச் சான்றிதழும் அனுப்பிவிடும் இணைய ‘ஆய்விதழ்கள்’. அச்சான்றிதழைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே, அரசு அங்கீகாரம் அல்லவா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்த எண் ஓர் இதழை இன்ன இதழ் என்று அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே. வாகனத்துக்குப் பதிவெண் இருப்பதனால் ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியும் என்றாகிவிடாது. 2018 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நேரத்தில் நீக்கியது. அங்கீகாரப் பட்டியலுக்குள்ளேயே நிலைமை அதுவென்றால், எந்தப் பட்டியலிலும் இல்லாதவற்றைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டுமா?

இப்போது கடைக்கும் போக வேண்டியதில்லை. கைப்பேசியிடம் கேட்டால் எழுதித் தந்துவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இரு வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்குமாக 5,000 டாலர் அபராதம் விதித்தது. சாட்ஜிபிடி புனைந்து கொடுத்த, உலகில் எங்குமே வழங்கப்படாத தீர்ப்புகளை அவர்கள் முன்னுதாரணங்களாக மனுவில் காட்டியிருந்தார்கள். இச்செய்தியைப் படித்தபோது எனக்கு ஹதீஸ் பாடம்தான் நினைவுக்கு வந்தது. இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸுக்கும் அழகான அறிவிப்பாளர் தொடர் இருக்கும். கேட்பதற்கு உண்மை போலவே இருக்கும். அதனால்தான் நம் முன்னோர் சொல்லின் அழகை மட்டும் நம்பாமல், யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்தார்களா என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) ஊர் ஊராக அலைந்ததும் இதற்காகவே. அடிக்குறிப்பு என்று கல்லூரியில் சொல்லப்படுவது அறிவிப்பாளர் தொடரின் தங்கை. அதைப் பொய்யாக எழுதலாம் என்று நினைப்பவர் வேறு எந்தச் சமுதாயத்தில் பிறந்திருந்தாலும் வியப்பில்லை. இந்தச் சமுதாயத்தில் பிறந்திருப்பதுதான் வெட்கம்.

“இருபது வயதுப் பிள்ளை எழுதி என்ன ஆகப் போகிறது உஸ்தாத்? பட்டம் வரட்டும், பார் கவுன்சிலில் பதியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று வாப்பாமார்கள் சொல்கிறார்கள். இந்தச் சொல்லைத்தான் நான் முற்றிலும் மறுக்கிறேன்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1982-ஆம் ஆண்டு கிரெகரி வாட்சன் என்ற இளநிலை மாணவர் அரசியல் பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுதினார். 1789-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பிய ஓர் அரசியலமைப்புத் திருத்தம் அப்படியே கிடப்பில் இருந்தது. உறுப்பினர்கள் தங்கள் ஊதியத்தைத் தாங்களே உயர்த்திக்கொண்டால், அடுத்த தேர்தல் முடியும் வரை அது நடைமுறைக்கு வரக் கூடாது என்பது அதன் சாரம். அதற்குக் காலக்கெடு எதுவும் விதிக்கப்படவில்லை; ஆகவே இப்போதும் மாநிலங்கள் ஒப்புதல் அளிக்கலாம் என்று அவர் வாதிட்டார். கட்டுரைக்குக் கிடைத்தது ‘சி’ மதிப்பெண். அவர் சோர்ந்துவிடவில்லை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் மேல் கடிதமாகத் தன் கைப்பணத்தில் அனுப்பினார். 1983-இல் மெய்ன் மாநிலமும் 1984-இல் கொலராடோவும் ஒப்புதல் அளித்தன; பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பிற மாநிலங்களும். 1992-இல் அது அமெரிக்க அரசியலமைப்பின் 27-ஆவது திருத்தமாகவே ஆகிவிட்டது. 2017-இல் அப்பல்கலைக்கழகம் அந்த ‘சி’யை ‘ஏ’ என்று திருத்தியது. முப்பத்தைந்து ஆண்டுகள் தாமதமான மதிப்பெண்! கடையில் வாங்கிய கோப்பைக் கொடுத்திருந்தால் அவருக்கும் அன்றே ‘ஏ’ கிடைத்திருக்கலாம்.

அது அமெரிக்கா என்று ஒதுக்கிவிட வேண்டாம். தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2013 முதல் 2015 வரை ஓர் ஆய்வை நடத்தியது. அதன் மாணவர்கள் இந்தியா முழுவதும் சிறை சிறையாகச் சென்று, தூக்குத்தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளையும் அவர்களது குடும்பத்தாரையும் நேரில் சந்தித்துப் பேசினார்கள். அக்காலத்தில் அத்தண்டனை பெற்றிருந்த 385 பேரில் 373 பேரின் விவரங்கள் அந்த ஆய்வில் பதிவாயின. 2016-இல் அறிக்கை வெளிவந்தது. அவர்களில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். ஏழையும் சிறுபான்மையினரும் தாழ்த்தப்பட்டோரும் தூக்குமேடைக்கு அருகில் எவ்வளவு நெருக்கமாக நிறுத்தப்படுகிறார்கள் என்பதை அதற்கு முன்பு நாம் மேடைகளில் முழங்கினோம். அந்த மாணவர்கள் அதை எண்ணிக் காட்டினார்கள். முழக்கத்தை நீதிமன்றத்தில் யாரும் சான்றாக ஏற்பதில்லை. சிறைவாசலில் காத்திருந்து, மொழி புரியாத தாயிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசி எழுதிய அறிக்கையை ஒதுக்கிவிட்டு இன்று தூக்குத்தண்டனையைப் பற்றி யாரும் பேச முடியாது.

(ஜெராக்ஸ் கடை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2012-இல் மூன்று பெரிய பதிப்பகங்கள், பாடநூல் பக்கங்களை நகலெடுத்து மாணவருக்குக் கொடுத்ததற்காகத் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அங்கிருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின் மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர்கள் சங்கம் அமைத்துத் தாங்களும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்ந்து வாதிட்டார்கள். 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் பதிப்பகங்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் ஜெராக்ஸ் கடைக்காகச் சட்டம் எழுதினார்கள். நாம் ஜெராக்ஸ் கடையைச் சட்டம் எழுத வைத்திருக்கிறோம்.)

இப்போது நம் வீட்டுக்குள் வருகிறேன். இந்தியாவில் முஸ்லிம் தனியார் சட்டம் என்ற பெயரில் நீதிமன்றங்கள் கையாளுவது எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். குர்ஆனிலிருந்தும் ஹதீஸிலிருந்தும் என்பார்கள். வந்த வழி அவ்வளவு நேரானதன்று. இமாம் மர்கீனானி (ரஹ்) அரபியில் எழுதிய ஹிதாயா, வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் முதலில் பாரசீகத்துக்குப் பெயர்க்கப்பட்டு, பாரசீகத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டனால் ஆங்கிலமாக்கப்பட்டு 1791-இல் வெளிவந்தது. தமிழகக் கடற்கரை ஊர்களில் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலையும் இதேதான். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் முதலில் பிரெஞ்சுக்குப் போனது. 1914-இல் அந்தப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பை வைத்து நூறாண்டுகளுக்கு மேலாக நம் நிகாஹும் வக்ஃபும் வாரிசுரிமையும் அலசப்படுகின்றன. சட்டக் கல்லூரி மாணவர் கையில் இருக்கும் பாடநூலோ தின்ஷா முல்லா என்ற பார்சி அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்தது. அவரை நான் குறை கூறவில்லை. நேர்த்தியான தொகுப்பு அது. நம்மவர் உட்கார்ந்து எழுதாததை அவர் உட்கார்ந்து எழுதினார், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரு பிள்ளை மதரஸாவில் மின்ஹாஜின் வக்ஃப் பாடத்தை அரபியிலேயே ஓதிக்கொண்டிருக்கிறான். அடுத்த வீட்டுப் பிள்ளை சட்டக் கல்லூரியில் முல்லாவின் வக்ஃப் பாடத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். இவனுக்கு 1995-ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாது. அவளுக்கு மூல நூலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரியாது. இருவரும் மாலையில் ஒரே கடையில் தேநீர் வாங்கிச் செல்கிறார்கள். இவர்களை ஒரு மேசையில் உட்கார வைத்து ஒரு கட்டுரை எழுதச் சொல்ல இந்த ஊரில் ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை. அதற்கு ஆலிம்களாகிய எங்களுக்கும் பங்குண்டு என்பதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ‘ஆங்கிலச் சட்டம் படிப்பவர்களுக்கு ஃபிக்ஹ் எதற்கு’ என்று சொல்லும் ஆலிம்களையும் ‘அரபி ஓதுபவர்களுக்குச் சட்டம் என்ன தெரியும்’ என்று சொல்லும் வழக்கறிஞர்களையும் ஒரே தராசில்தான் வைக்கிறேன்.

எழுத்து சட்டத்தை மாற்றும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1894-இல் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், தன் சந்ததியினருக்காகச் செய்யப்பட்ட வக்ஃப் ஒன்றைச் செல்லாது என்று தீர்த்தது. ஏழைகளுக்குச் சேரும் பங்கு எட்டாத் தொலைவில் பெயரளவுக்கே இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். குடும்பத்தாருக்குக் கொடுப்பதையும் தர்மமாகவே கருதும் நம் மரபு அந்த நீதிபதிகளுக்கு எட்டவில்லை. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சையத் அமீர் அலி அதற்கு முன்பே ஒரு வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதி மூல நூல்களின் நிலையை விரிவாகக் காட்டியிருந்தார். பிறகு மௌலானா ஷிப்லி நுஃமானி (ரஹ்) ஃபிக்ஹ் நூல்களிலிருந்து சான்றுகளைத் திரட்டி எழுதி, ஆலிம்களின் ஆதரவைச் சேர்த்தார். 1911-இல் முகமது அலி ஜின்னா மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்தார். 1913-இல் முஸல்மான் வக்ஃப் செல்லுபடிச் சட்டம் நிறைவேறியது. ஒரு நீதிபதி, ஓர் ஆலிம், ஒரு வழக்கறிஞர்! மூவரும் மூன்று விதமாக எழுதினார்கள். பேரரசின் உச்ச நீதிபீடத்தின் தீர்ப்பு விலகி வழிவிட்டது.

இதை 2024-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வக்ஃப் திருத்த மசோதாவைப் பரிசீலித்த நாடாளுமன்றக் கூட்டுக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நாமும் பள்ளிவாசல் கதவுகளில் கியூ.ஆர். குறியீட்டை ஒட்டினோம். கைப்பேசியைக் காட்டினால் ஆயத்தமான மின்னஞ்சல் ஒன்று தானாகப் போய்ச் சேர்ந்தது. பல தரப்புகளிலிருந்தும் வந்த மனுக்கள் 97 லட்சத்தைத் தாண்டின. எண்ணிக்கையைக் காட்டுவதும் ஒரு போராட்டம்தான். அதை நான் இகழவில்லை. ஆயினும் ஒரே வாசகம் எத்தனை லட்சம் முறை வந்தாலும் படிப்பவருக்கு அது ஒரு மனுதான். நம் மாவட்டத்தில் எத்தனை பள்ளிவாசல்களுக்கு எழுதப்பட்ட வக்ஃப் பத்திரம் இல்லை, நெடுநாள் பயன்பாடு ஒன்றே அவற்றின் சான்றாக இருக்கிறது, அந்த நிலங்கள் வருவாய்ப் பதிவேட்டில் எந்தப் பெயரில் நிற்கின்றன என்று சர்வே எண்களோடு பத்துப் பக்கம் எழுதி அனுப்பிய மாணவர்கள் எத்தனை பேர்? மசோதா 2025-இல் சட்டமாகிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், செப்டம்பரில் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை வந்தது. இனி வரும் ஒவ்வொரு வழக்கிலும் கேட்கப்படப் போவது அந்தப் பத்துப் பக்கத்தைத்தான்.

திருச்சி மாவட்டம் திருச்செந்துறையின் பெயர் 2022-இல் ஒரு நிலப்பதிவுச் சிக்கலால் செய்தியானது. பிறகு மசோதாவை ஆதரித்தவர்கள் நாடு முழுவதும் அதை உதாரணமாகக் காட்டினார்கள். தொலைக்காட்சியில் இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் கத்தினார்கள். நம்மவர்களும் கத்தினார்கள். ஆங்கிலேயர் காலத்து இனாம் பதிவேடுகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் வருவாய் அலுவலகங்களிலும் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டைப் புரட்டி, இந்த நிலம் எப்போது யாருக்கு எந்த நிபந்தனையில் விடப்பட்டது, பின்னர் என்ன ஆயிற்று என்று பக்கச்சார்பின்றி எழுத ஒரு சட்ட மாணவருக்கு ஒரு கோடை விடுமுறை போதும். விடை நமக்குச் சாதகமாக இருக்குமா, பாதகமாக இருக்குமா என்று முன்கூட்டியே கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் நம் பிள்ளைகளின் பேனாவை ஒடிக்கிறது.

ஆம், இதுவே என் அடுத்த முறையீடு. நம் பிள்ளைகள் எழுதும்போதும் முடிவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஆதாரம் தேடுகிறார்கள். சட்டக் கல்லூரியில் முஸ்லிம் மாணவர் எடுக்கும் தலைப்பைப் பாருங்கள்: முத்தலாக், முத்தலாக், மறுபடியும் முத்தலாக். 2017-ஆம் ஆண்டின் ஷாயரா பானு தீர்ப்பை ஆதரித்து ஒருவர், எதிர்த்து ஒருவர். மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்த அத்தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் மூவரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை என்பதைக்கூட அக்கட்டுரைகளில் பல குறிப்பிடுவதில்லை. நீதிபதி குரியன் ஜோசப் அது குர்ஆனுக்கே முரணானது என்ற வழியில் சென்றார். மற்ற இருவரும் அது தன்னிச்சையானது, ஆகவே அரசியலமைப்புக்கு முரண் என்ற வழியில் சென்றார்கள். இந்த வேறுபாட்டில்தான் நம் தனியார் சட்டத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. தீர்ப்பை முழுமையாகப் படிக்காமல் அதை எதிர்ப்பதும் ஆதரிப்பதும் ஒன்றுதான்.

ஆராய வேண்டியவை வீட்டு வாசலிலேயே கிடக்கின்றன. ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்தது. சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து அந்த விலக்கை நீக்கியது. ஆகவே தமிழ்நாட்டில் நஞ்சையானாலும் புஞ்சையானாலும் மகளுக்கு அல்லாஹ் விதித்த பங்கு சட்டப்படியும் உண்டு. அந்நிஸா அத்தியாயம் சொல்வதை நாட்டின் சட்டமும் சொல்கிறது. தடையாக நிற்பது யார்? அரசா? நீதிமன்றமா? சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். வாப்பா மவுத்தான சில மாதங்களில் சகோதரிகள் வரிசையாக வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். ‘உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே’ என்ற ஒரு சொல் அவளது ஃபர்ளான பங்கை விழுங்கிவிடுகிறது. அதே வீட்டில் ஷரீஅத்தைக் காப்போம் என்ற சுவரொட்டி ஒட்டப்பட்டிருக்கும்!

ஒரு மாணவி ஓர் ஊரை எடுத்துக்கொள்ளட்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு எத்தனை பாகப்பிரிவினைப் பத்திரங்கள், அவற்றில் எத்தனையில் பெண்மக்களுக்கு நிலம் சேர்ந்தது, எத்தனை விடுதலைப் பத்திரங்கள், அவற்றில் காட்டப்பட்ட பிரதிபலன் எவ்வளவு என்று எண்ணட்டும். யாருடைய பெயரையும் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். பிறகு அந்த வீடுகளின் பெண்களிடம் சென்று பேசட்டும். ஆண் மாணவருக்குத் திறக்காத கதவு அவளுக்குத் திறக்கும். சட்டக் கல்லூரிக்குப் போகும் நம் பெண்பிள்ளைகள் செய்யக்கூடியதும் வேறு எவராலும் செய்ய முடியாததுமான ஆய்வு இது.

“உஸ்தாத், இப்படி எழுதினால் எதிரிகள் கையில் ஆயுதம் கொடுத்ததாகாதா?” என்ற கேள்வி வரும், அது எனக்குத் தெரியும். எதிரிக்கு நம் ஆய்வேடு தேவையில்லை. அவர்கள் எதையும் படிக்காமலேயே பேசுகிறார்கள். நாம் மறைத்துவைக்கும் உண்மையைப் பொய்யோடு கலந்து அவர்கள் சொல்லும்போது, எது உண்மை எது பொய் என்று பிரித்துக்காட்ட நம்மிடம் ஒரு தாளும் இருப்பதில்லை. அதைவிட முக்கியமானது, சகோதரியின் பங்கைத் தின்றவனை மறுமையில் காப்பாற்றும் பொறுப்பு எந்தச் சட்ட மாணவிக்கும் கிடையாது.

இன்னொரு தயக்கம் மரியாதை சார்ந்தது. பெரியவர்கள் சொன்னதற்கு மாறாகச் சிறியவர்கள் எழுதலாமா? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அவையை நினைத்துப் பாருங்கள். ஒரு மஸ்அலா எழும். மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் ஆதாரத்தைச் சொல்வார்கள். விவாதம் நாட்கணக்கில் போவதும் உண்டு. அதன் பிறகே அது எழுதப்படும். ஹனஃபி நூல்களைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் இமாமவர்கள் இப்படிச் சொன்னார்கள், அவர்களது மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் மாற்றமாகச் சொன்னார்கள் என்று இருக்கிறது. பல மஸ்அலாக்களில் ஃபத்வா மாணவர்களின் சொல்லின் மீதே இருக்கிறது. ஆசிரியருக்கு மாறான கருத்தை ஆசிரியரின் பெயரால் அழைக்கப்படும் மத்ஹபே பாதுகாத்து வைத்திருக்கிறது. அதே அபூயூசுஃப் (ரஹ்) ஏழை வீட்டுப் பிள்ளை. வேலைக்குப் போகட்டும் என்று குடும்பத்தார் பாடத்திலிருந்து இழுத்துச் சென்றதாகவும், இமாமவர்கள் பணம் கொடுத்து அவரைப் படிக்க வைத்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னாளில் அவர் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜ் எதைப் பற்றியது? நிலவரி, நீர்ப்பாசனம், வரி வசூலிப்போரின் கொடுமை, சிறைக் கைதிகளுக்கு உணவும் உடையும். இன்று ‘பொதுக்கொள்கை’ என்று கல்லூரிகளில் தனிப் படிப்பாக நடத்தப்படுவது இதைத்தான். அதை அந்நிய இயல் என்று கருதி நம் பிள்ளைகள் ஒதுங்குவதைப் பார்க்கும்போது, சொந்த வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உறங்குபவரின் நினைவு வருகிறது.

நம் காலத்திலும் ஒருவர் இருந்தார். கேரளத்தில் பிறந்த ஷம்னாத் பஷீர், கல்கத்தாவில் உள்ள சட்டப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது எந்த நிறுவனத்துக்காகவும் அல்லாமல் கல்வியாளராகவே தலையிட்டு வாதங்களை எடுத்துவைத்தார். காப்புரிமை பெற்றவர்கள் அந்த மருந்தை உண்மையில் மக்களுக்குக் கிடைக்கச் செய்கிறார்களா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுத் தொகுத்து எழுதினார். ஏழைப் பிள்ளைகளைச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுவர 2010-இல் ஓர் இயக்கமும் தொடங்கினார். 2019-இல், நாற்பதுகளின் நடுவில், இறந்துபோனார். இவர் பெயரை எத்தனை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறீர்கள்? கோடீஸ்வரர்களின் பெயர்களை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

தகவல் அறியும் உரிமை என்றேன். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். 2007 முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட துறையில், ஒரு குறிப்பிட்ட பணியில், சுழற்சி முறையில் நமக்கு வந்த இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்று ஐந்து மாணவர்கள் ஆளுக்கொரு துறையைக் கேட்டு எழுதினால், தேர்தல் மேடையில் ‘ஐந்து விழுக்காடாக உயர்த்து’ என்று முழங்குவதற்கு முன்பு, இருக்கும் மூன்றரை எங்கே போகிறது என்றாவது தெரியும்.

ஜமாஅத் நிர்வாகிகளே, பிள்ளைகளைக் குறை கூறுவதற்கு முன் உங்கள் அலமாரியைத் திறவுங்கள். நிகாஹ் பதிவேடுகளும் வக்ஃப் பத்திரங்களும் வரவு செலவுக் கணக்குகளும் முத்தவல்லியின் பூட்டுக்குள் இருக்கும்வரை எந்த மாணவரும் எதையும் எழுத முடியாது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் பதிவேட்டில் இருக்கும் நிகாஹ்களில் எத்தனை அரசுப் பதிவுக்குப் போயின என்று ஒரு மாணவர் கேட்டு வந்தால், ‘உனக்கெதற்கு இது’ என்று விரட்டாதீர்கள். பெயர்களை மறைத்து எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தோடு ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு மாணவரின் ஆய்வுப் பயணச் செலவை ஜமாஅத் ஏற்றுக்கொள்ளட்டும். அது பட்டமளிப்பு நாளில் போர்த்தும் பொன்னாடைகளின் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பெற்றோரிடம் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த முறை பிள்ளை ‘புராஜெக்டுக்குப் பணம் வேண்டும்’ என்று கேட்டால், தலைப்பு என்ன, யாரைப் பார்க்கப் போகிறாய், எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டைக் கேட்கப் போகிறாய் என்று கேளுங்கள். பேருந்துக் கட்டணத்துக்கும் நகல் கட்டணத்துக்கும் தாராளமாகக் கொடுங்கள். அரபி மூலத்தில் ஐயமிருந்தால் உங்கள் ஊர் மதரஸாவுக்கு அனுப்பிவையுங்கள். எங்கள் மதரஸாவில் வியாழன் அஸருக்குப் பின் வகுப்பு இல்லை. மின்ஹாஜும் ஹிதாயாவும் அலமாரியில் இருக்கின்றன. வரும் பிள்ளை சட்டநூலை எடுத்துக்கொண்டு வரட்டும், இன்ஷா அல்லாஹ் நாங்கள் கிதாபை எடுத்துவைக்கிறோம்.